கப்பலேறாத பிடி அரிசி

தொழிற்சங்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர் சென்ற மாதம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். குருபோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்களின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டானாம். அவர்களுக்காகப் பேசப் போனால் நம் ஆட்களிலேயே சிலர், "அவன் நாட்டுக்காரன் பிரச்சினை நமக்கு எதுக்கு லா?" என்று கேட்கிறார்களாம். "ஆண்ட்டி, நீங்க அவசரகாலத்துலயே யூனியன் ஆபீஸ்ல இருந்தவங்க. ஏதாச்சும் எழுதிக் குடுங்க, சங்கத்து ஆண்டு மலர்ல போடுறோம்" என்றார்கள்.

எனக்குப் புத்திமதி சொல்ல வராது. சொன்னாலும் என் சொந்தப் பிள்ளைகளே கேட்டதில்லை, ஊரார் பிள்ளைகளா கேட்கப் போகிறார்கள்? ஆனால் ஒருவர் சொன்னதைச் சொன்னபடி எழுதத் தெரியும். முப்பத்தொரு வருஷம் அந்த வேலைக்குத்தான் சம்பளம் வாங்கினேன். அதையே செய்கிறேன்.

நான் ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அம்மாவும் பால் வெட்டினாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு மலாக்கா பட்டணத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் ஆங்கிலமும் தட்டெழுத்தும் கற்றேன். இருபது வயதில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளை அலுவலகத்தில் தமிழ் எழுத்தராகச் சேர்ந்தேன். தோட்டத்து ஜனங்கள் என்னை 'கிராணியம்மா' என்பார்கள். துரையின் ஆபீசில் உட்கார்ந்து கணக்கெழுதும் கிராணியைக் கண்டால் முறைக்கும் அதே ஜனங்கள் என்னை அப்படி அழைக்கும்போது அதில் ஒரு செல்லம் இருக்கும்.

அலுவலகம் ஆற்றோரத்தில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடி. கீழே காதர் பாயின் தையல்கடை. மேலே இரண்டு மேசை, ஒரு தட்டெழுத்துப் பொறி, ஓர் இரும்பு அலமாரி, மிஸ்டர் அருளையா.

அருளையா கிளையின் செயலாளர். யாழ்ப்பாணத்துக்காரர், வேதக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு சுருக்கம் விழாமல் மலாக்கா வெயிலில் எட்டு மணி நேரம் எப்படி உட்காருவார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சர்க்கரை போடாத தேநீர், நுனி கூரான மூன்று பென்சில், சிரிப்பு கிடையாது. முதல் வாரத்தில் ஒரு பால்வெட்டுக்காரர் சொன்ன முறையீட்டை நான் அழகாக, இலக்கணச் சுத்தமாக எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். வாசித்துவிட்டுக் கேட்டார்:

"பிள்ளை, இது ஆர் கதைக்கிறது? அவரோ, நீரோ?"

"அவர் சொன்னதத்தான் சார் நல்லா எழுதினேன்."

"உம்மட நல்லது எனக்கு வேண்டாம். அவற்ற வார்த்தையை எழுதும்."

அவரிடம் மூன்று விதிகள் இருந்தன. சொன்னவர் வாயில் வந்ததையே எழுத வேண்டும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டும். மூன்றாவது விதிதான் விசித்திரம். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கீழே போய், விஷயமே தெரியாத காதர் பாய்க்கு வாசித்துக் காட்ட வேண்டும். காதர் பாய் மிஷினை மிதித்தபடியே கேட்பார். புரியாத இடத்தில் கால் நின்றுவிடும். "அதெப்படி தங்கச்சி?" என்று ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் காகிதத்தில் இல்லையென்றால் நான் மறுபடி தோட்டத்துக்கு பஸ் ஏற வேண்டும். "பாய்க்கு விளங்கினால் மாஜிஸ்திரேட்டுக்கும் விளங்கும்" என்பார் அருளையா. ஆரம்பத்தில் இரண்டு பேரையும் மனதுக்குள் வைதிருக்கிறேன். இப்போது இரண்டு பேருக்கும் கைகூப்புகிறேன்.

வெள்ளைக்காரர்கள் ஆண்ட மலாயாவின் அவசரகாலம் அது; காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருந்த காலம். அவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அரசாங்கம் எங்கள் சோற்றை அளந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. அரிசி அட்டைக்கு இவ்வளவுதான் என்ற அளவு. காலையில் பால் வெட்டப் போகும் பெண்களை வாசலில் நிறுத்தி, சேலை மடிப்பு முதல் வாளி வரை பெண் காவலர்கள் தடவிப் பார்ப்பார்கள். ஒரு கவளம் சோறுகூட வேலிக்கு வெளியே போகக் கூடாது. மரத்தடியில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுப் பழகிய ஜனம், வெறும் வயிற்றோடு மதியம்வரை வெட்டியது. அட்டைக்கு மேல் அரிசி வீட்டில் இருந்தால் அது காட்டுக்காரனுக்கு என்றுதான் அர்த்தம். அதற்கு விசாரணை இல்லாமலே காவல் உண்டு. இந்தியாவில் பிறந்தவராக இருந்தால் நாடு கடத்தலும் உண்டு.

தோட்டத்தில் கூட்டம் போடக் காவல்துறையின் அனுமதி வேண்டும். என்ன பேசப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், பொங்கல் கழிந்த சில நாட்களில், இலங்கையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் சங்கம் எழுதியிருந்தது. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த தமிழ் ஜனங்களை 'நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை' என்று அங்கே சட்டம் போட்டிருந்த காலம் அது. அந்தத் தோட்டத்து ஆட்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு, நிர்வாகம் அவர்களுக்குக் கொடுத்துவந்த அரிசியை நிறுத்தி, லயங்களிலிருந்தும் வெளியேற்றிவிட்டதாம்; கோவில் மண்டபத்தில் கிடக்கிறார்களாம். 'கடல் கடந்த தோழர்கள் எங்களுக்காக ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினால் தைரியமாக இருக்கும்' என்று முடித்திருந்தார்கள்.

அருளையா அதை இரண்டு முறை வாசித்தார். "கமிட்டிக்கு வைப்பம்" என்று என்னிடம் கொடுத்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எங்கட நாடுதான். நான் ஒருக்காலும் அந்த மலைப்பக்கம் போனதில்லை, பிள்ளை. அந்தச் சனத்தோட கதைச்சதும் இல்லை" என்றார். அவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அலோர் காஜாவுக்கு உள்ளே ஏழு மைல் தள்ளி இருந்த ஒரு தோட்டத்தில் கூட்டம். சம்பள விஷயம் என்று அனுமதி வாங்கியிருந்தோம். கடிதம் என் பைக்குள் இருந்தது. கூட்டம் முடிந்து, காவல்காரர் ஜீப்பில் ஏறிப் போன பிறகு, பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து பட்டணத்துக் கதை கேட்டார்கள். எனக்கு அந்தக் கடிதம் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. எடுத்து வாசித்துவிட்டேன். எனக்கென்ன, இளரத்தம். ஆழம் தெரியாமல் காலை விடுகிறோம் என்று தோன்றவே இல்லை.

வாசித்து முடித்ததும் அஞ்சலை கேட்டாள். முப்பது வயதிருக்கும். முன் லயத்தில் குடியிருந்தவள், இரண்டு பெண் குழந்தைகளின் தாய்.

"அரிசி நின்னு போச்சா, கிராணியம்மா? புள்ளைங்களுக்குமா?"

"ஆமாக்கா. யாருக்கும் இல்லையாம்."

"அந்தக் கவர கொஞ்சம் குடுங்க."

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பள்ளிக்கூட வாத்தியாரிடம் காட்டிவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பஸ் வந்தது. "நம்மளால முடிஞ்சத செய்வோம்" என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். மேடையில் எல்லோரும் சொல்லும் வார்த்தைதான். அதைச் சொல்கிறவர்கள் மறந்துவிடுவார்கள். கேட்கிறவர்களும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

ஏழு வாரம் கழித்து ஒரு காலையில் அஞ்சலையின் புருஷன் முனியாண்டி அலுவலகப் படியேறி வந்தார். வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். முதல் நாள் காவல்துறை லயங்களைச் சோதனை போட்டதாம். அஞ்சலையின் அடுப்புக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் டின் மூன்று நிறைய அரிசி இருந்ததாம். ஒளித்துக்கூட வைக்கவில்லை, மூடி போட்டு வைத்திருந்தாளாம். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஏதுங்க அவ்ளோ அரிசி?" என்று கேட்டேன்.

முனியாண்டி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்க வாசிச்ச கடுதாசிக்குத்தாம்மா. சிலோன் ஜனங்களுக்கு. பிடி அரிசி."

பிடி அரிசி என்றால் எங்கள் பெண்கள் அனைவருக்கும் தெரியும். உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியே போட்டு வைப்பார்கள். வெள்ளிக்கிழமை தோறும் லயத்துக்கு ஒருத்தி அதைச் சேர்ப்பாள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற அதுதான் முதல். அரிசிக்கு அட்டை வந்த பிறகு, பிள்ளைகளுக்கே போதாமல், அம்மனிடம் சொல்லிவிட்டு அதை நிறுத்தியிருந்தார்கள். அம்மனுக்கே நிறுத்தியதை, பார்க்காத ஜனங்களுக்காக மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். இருபத்தெட்டு வீட்டுப் பெண்கள், ஏழு வாரம், அளந்து கொடுத்த அரிசியிலிருந்து ஒவ்வொரு பிடி. எந்தக் கப்பலில், யார் பெயரில், எப்படிப் போகும் என்று ஒருத்திக்கும் தெரியாது. அரிசி நின்றுபோன இடத்துக்கு அரிசிதானே அனுப்ப வேண்டும்? தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவது எங்களைப் போலப் படித்தவர்களுக்குத்தான் தோன்றும்.

"இத போலீஸ்ல சொல்லலியா?"

"வாயே தொறக்கலம்மா. சொன்னா கடுதாசி யாரு வாசிச்சதுன்னு கேப்பான், கிராணியம்மாவ புடிச்சிருவான்னு ஜீப்புல ஏறும்போது சொல்லிட்டுப் போனா. மத்தவளுகளுக்கும் சொல்லிட்டா, ஒருத்தியும் பேசக் கூடாதுன்னு." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "மூணு வயசுல கப்பல்ல வந்தவம்மா அவ. இந்தியாவுக்கு அனுப்பிருவாங்கன்னு சொல்றாங்க. ஊரு பேரு மட்டுந்தான் தெரியும் அவளுக்கு. அங்க யாரு இருக்கா? புள்ளைங்க ரெண்டும் இங்க பொறந்ததுங்க."

நான் வாசித்த கடிதம். நான் சொல்லிவிட்டுப் போன வார்த்தை. அருளையா முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அனுமதியில இல்லாததை வாசிச்சனீர்."

"ஆமா சார்."

"வாசிச்சது நீர் எண்டால் சொல்ல வேண்டியதும் நீர்தான். நான் சொன்னால் அது பொய்யாகும். சொன்னால் உம்மைப் பிடிச்சாலும் பிடிப்பினம். வேலையும் போகலாம். யோசிச்சுச் சொல்லும்."

"யோசிக்க ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப எழுதும். நான் உம்மோட வாறன்."

அவர் பழியைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளவில்லை என்பதை நான் பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். போட்டுக்கொண்டிருந்தால் நல்லவர் என்று சொல்லியிருப்பேன். போட்டுக்கொள்ளாததால் நான் ஓர் ஆளானேன்.

முதலில் அஞ்சலையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. காவல்நிலையத்தின் பின்னறை. நடுவில் மேசை, ஓரத்தில் ஒரு மலாய்க்காரக் காவலர். அவள் நன்றாகத்தான் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். நான் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் எல்லாத்தையும் சொல்லப் போறேன். நீங்களும் உள்ளத சொல்லுங்க" என்றேன்.

"அரிசி என்னுது. எழுதிக்குங்க."

"யாருக்குன்னு சொல்லுங்கக்கா."

"அரிசி என்னுது."

அரை மணி நேரம் கெஞ்சினேன். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. எனக்குக் கை பரபரத்தது. நாலு வரி நானே சேர்த்து எழுதி, கைநாட்டு வாங்கினால் முடிந்தது. எழுதவில்லை. 'அரிசி என்னுது' என்ற ஒரே வரியை எழுதி, வாசித்துக் காட்டி, நாட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். புறப்படும்போது, "சின்னவளுக்குக் கண்ணுல பீள கட்டிருந்துச்சு, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் ஐயாகிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். அது வாக்குமூலத்தில் சேராது. முனியாண்டியிடம் சொன்னேன்.

என் வாக்குமூலத்தை இரண்டு பக்கம் எழுதினேன். விதிப்படி கீழே போய்க் காதர் பாய்க்கு வாசித்தேன். கடிதம் வாசித்தது வரை மிஷின் ஓடியது. பிடி அரிசி சேர்த்தது வரை ஓடியது. முடியும் இடத்தில் கால் நின்றது.

"அதெப்படி தங்கச்சி? அரிசிய சிலோனுக்கு எப்படி அனுப்பறதா இருந்தாங்க? யார்கிட்டயாச்சும் கேட்டாங்களா?"

"தெரியல பாய்."

"அத அந்த வெள்ளக்காரனும் கேப்பானே."

மேலே ஓடிவந்து சொன்னேன். அருளையா உடனே இலங்கைச் சங்கத்துக்கு ஒரு தந்தியும், விவரமாக ஒரு விமானக் கடிதமும் எழுதினார். 'உங்களுக்காக அரிசி சேர்த்த ஒரு பெண் காவலில் இருக்கிறாள். உங்கள் பக்கத்தில் இதுபற்றி யாருக்காவது ஏதாவது தெரியுமா?' என்பதுதான் சாரம். எனக்கு நம்பிக்கை இல்லை. சொந்த லயத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டுக் கோவில் மண்டபத்தில் கிடக்கும் ஜனங்கள், எங்கள் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பார்களா என்றே சந்தேகப்பட்டேன்.

அதற்கிடையில் நாங்கள் இருவரும் காவல்துறை அலுவலகம் போனோம். அதிகாரி என் வாக்குமூலத்தை வாங்கி வாசித்தார். சங்கத்துக்கு மூன்று மாதம் கூட்டம் போட அனுமதி இல்லை என்றார். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. இன்னொரு முறை நடந்தால் அஞ்சலைக்குப் பக்கத்து அறை எனக்கு என்றார். ஆனால் அரிசி விஷயத்தில் அவர் அசையவில்லை. "இலங்கைக்கு அரிசியா? எந்தக் கப்பலில்?" என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். காதர் பாய் கேட்ட அதே கேள்வி. காட்டுக்குக் கொடுக்க வைத்திருந்த அரிசிக்கு ஆள் பிடிபட்ட பிறகு ஒரு கதை கட்டியிருக்கிறோம் என்பது அவர் எண்ணம். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேனோ என்னவோ. அஞ்சலையின் விஷயம் விசாரணைக் குழுவுக்குப் போகும், அது ஒப்புக்கொண்டால் அடுத்த கப்பலில் நாகப்பட்டினம் என்றார்.

விசாரணைக்கு நான்கு நாள் இருக்கும்போது தபால்காரர் ஒரு தடித்த உறையைக் கொண்டுவந்தார். இலங்கைத் தபால்தலை. பதிவுத் தபால். அருளையா கத்தியால் ஓரத்தை மெல்ல அறுத்தார். உள்ளே இரண்டு காகிதங்கள் இருந்தன.

ஒன்று, நான்காக மடித்த ஒரு பழைய கடிதம். அதன் ஒரு மூலையில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது. அதன் உறையும் கூடவே ஊசியால் குத்தி வைக்கப்பட்டிருந்தது. மலாயாத் தபால்தலை. அலோர் காஜா தபால் முத்திரை. முத்திரையிலிருந்த தேதி சோதனைக்கு ஐந்து வாரம் முந்தியது. எழுத்து, தோட்டத்துப் பள்ளி வாத்தியாருடையது. இதுதான் அதிலிருந்தது:

'நாங்கள் மலாக்காவில் பால் வெட்டும் பெண்கள். உங்களுக்கு அரிசி நின்றுபோனதாகக் கேட்டோம். இரண்டு வாரமாக வேளைக்கு ஒரு பிடி எடுத்து வைக்கிறோம். எப்படி அனுப்புவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். சொல்லும்வரை எடுத்து வைத்துக்கொண்டிருப்போம். சொல்லி எழுதுவித்தது அஞ்சலை.'

அஞ்சலை என்னை மட்டும் காப்பாற்றவில்லை, வாத்தியாரையும் காப்பாற்றியிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வாத்தியாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் குடும்பம் இருந்தது. விசாரணையன்று கூப்பிடாமலே வந்து, கையெழுத்து தன்னுடையது என்று சொன்னார்.

இரண்டாவது காகிதம், அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் விசாரணைக் குழுவுக்கு எழுதுவித்த மனு. அடியில் நாற்பத்து மூன்று பெருவிரல் நாட்டு. கொழுந்து கிள்ளிக் கிள்ளி வெடித்துப்போன விரல்கள் போலிருக்கிறது, பல நாட்டுகளில் ரேகைக்கு நடுவே குறுக்குக் கோடுகள் ஓடின. அவர்களின் சங்கச் செயலாளர் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்: 'நகல் அனுப்பினால் நம்ப மாட்டார்கள் என்று அசலையே அனுப்புகிறோம். இந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து மாரியம்மன் காலடியில் இருந்தது. பெண்கள் கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தார்கள்.'

அருளையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார். "இந்த மனுசிகளுக்கு நாடே இல்லை எண்டு சொல்லிப்போட்டாங்கள், பிள்ளை. இன்னொரு பெட்டையை நாட்டை விட்டுத் துரத்தக் கூடாதெண்டு விரல் வைச்சு அனுப்புறாளவை" என்றார். பிறகு வழக்கம்போல, "பாய்க்கு வாசிச்சுக் காட்டும்" என்றார். காதர் பாயின் மிஷின் அன்று ஒரு தடவைகூட நிற்கவில்லை. வாசித்து முடித்த பிறகுதான் நின்றது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நடுவிலிருந்த வெள்ளைக்காரர் உறையை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து முத்திரையைப் பார்த்தார். பிறகு மஞ்சள் கறையைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் திணறினார். அருளையா எழுந்து, அனுமதி கேட்டு, நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்: "ஐயா, நான் கிறிஸ்தவன். எங்கள் வீட்டில் வேதப்புத்தகத்தை எங்கே வைப்போமோ, அங்கே இந்தக் கடிதத்தை அவர்கள் வைத்திருந்தார்கள்." வெள்ளைக்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பதினொரு நாள் கழித்து அஞ்சலையை விட்டார்கள். வாரம் ஒருமுறை அலோர் காஜா காவல்நிலையத்தில் போய் முகத்தைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நாடு கடத்தும் பேச்சு கைவிடப்பட்டது. அரிசி திரும்பி வரவில்லை. அது அரசாங்கக் கிடங்கிலேயே புழுத்துப் போயிருக்கும்.

இலங்கைத் தோட்டத்து ஆட்களுக்கு அடுத்த மாதம் அரிசி திரும்பக் கிடைத்தது என்றும், லயங்களுக்குள் மறுபடி போனார்கள் என்றும் பிறகு தெரிந்தது. குடியுரிமைக்கு அவர்கள் இன்னும் பல காலம் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை இந்த எழுத்தால் தீர்த்துவிட முடியும் என்றும் நினைக்கவில்லை. சொல்லாமல் செத்துப்போக மனமில்லை, அவ்வளவுதான்.

அஞ்சலை வந்த ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக்குப் போனேன். சங்கத்துக்குத்தான் கூட்டம் போட அனுமதி இல்லை, விருந்தாளியாகப் போகத் தடையில்லை. அவள் கொஞ்சம் இளைத்திருந்தாள். சின்னவள் மடியில் இருந்தாள், கண் தெளிந்திருந்தது. முனியாண்டி காப்பி கலக்கிக் கொண்டுவந்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன்.

"என்னாலதான்க்கா உங்களுக்கு இவ்ளோவும். அந்தக் கடுதாசிய நான் வாசிச்சிருக்கக் கூடாது. என்ன மன்னிச்சிருங்க."

"அவங்க என்னமோ எழுதி அனுப்பினாங்களாமே. அத வாசிங்க" என்றாள்.

மனுவின் நகலைத் தட்டெழுத்தில் எடுத்து வந்திருந்தேன். இம்முறை பைக்குள் அனுமதி இல்லாத கடிதம் இருக்கிறது என்ற பயம் வரவில்லை. வாசித்தேன்.

'அஞ்சலை சேர்த்த அரிசி காட்டுக்குப் போக இருந்த அரிசி அல்ல. அது எங்களுக்காகச் சேர்த்தது. எங்கள் பிள்ளைகள் பசியோடு இருந்தபோது அந்தக் கடிதம் வந்தது. அன்று அதை மண்டபத்தில் எல்லோருக்கும் வாசித்தார்கள். அரிசி வந்து சேரவில்லை. ஆனால் எங்களுக்கென்று ஒரு பிடி ஏதோ ஓர் ஊரில் எடுத்து வைக்கப்படுகிறது என்று தெரிந்த பிறகு எங்களுக்குப் பசி பெரிதாகத் தெரியவில்லை. ஆகையால் அந்த அரிசி எங்களுடையது. அதை நாங்கள் சாப்பிட்டுவிட்டோம் என்றே துரைமார்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.'

காவலில் இருந்தபோதும் விசாரணையிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், மடியிலிருந்த குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் காகிதத்தை மடித்தேன். அவள் நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்ட்டாங்களாமா?"

"அப்படித்தான்க்கா எழுதியிருக்காங்க."

"அப்பறம் என்னத்துக்கு மன்னிப்பு கேக்குறீங்க?" என்றாள். "நீங்க வாசிச்சதாலதானே அவங்க சாப்ட்டாங்க."